ஒரு வாயுவும் சில சொற்களும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நாலைந்து நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஓர் இளம் கவிஞர் தம் புதிய கவிதைகளை வாசித்தார். ஒரு கவிதையில் மரங்கள் இரவில் தமக்குள் பேசிக்கொண்டன. ரசாயனம் படித்த நண்பர் ஒருவர், 'என்ன பேசிக்கொண்டன?' என்று கேட்டுவைத்தார். கேலியாகத்தான் கேட்டார். கவிஞருக்குக் கோபம் வந்துவிட்டது. தாவரங்கள் வாயுக்களின் மூலம் செய்தி அனுப்புகின்றன என்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டாயிற்று என்றார். நைட்ரிக் ஆக்ஸைடு என்று ஒரு பெயரையும் சொன்னார். வேறொருவர் தொல்காப்பியரின் ஓரறிவுயிரைத் துணைக்கு அழைத்தார். காபி வந்தது. பேச்சு வேறு பக்கம் போயிற்று.

நான் வீடு திரும்பியது நிம்மதியாக அல்ல. இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நானும் கோடாரி விழும்போது அலறுகிற ஒரு மரத்தை எழுதி அச்சிலும் பார்த்திருக்கிறேன். அது என்ன அலறியது என்று என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டது போலிருந்தது. அதன் பிறகு சில மாதங்கள், தாவரவியல் கற்காத ஒருவனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, இந்த விஷயத்தின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தேன். படித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டது விஞ்ஞானம் அல்ல. அதனுள் நடந்திருக்கிற சொற்சண்டை. நம் பத்திரிகைகளில் படிமம், உருவகம் என்று நாம் அடித்துக்கொள்வதற்குச் சற்றும் குறையாத சண்டை அது.

1901ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் மே 10ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜகதீஸ் சந்திர போஸ் தமது சோதனைகளைக் காட்டிப் பேசினார். தாவரமும், ஏன் உலோகமும்கூட, தூண்டப்படும்போது மின்சார ரீதியாக எதிர்வினை தருகிறது என்பது அவர் வாதம். அடுத்த மாதம் ராயல் சொஸைட்டியின் முன் அதே விஷயம் வந்தபோது பர்டன் ஸாண்டர்ஸன் எதிர்த்தார். அவர் சாதாரண ஆள் அல்ல. இங்கிலாந்தின் உடலியல் அறிஞர்களில் மூத்தவர். டார்வின் தூண்டுதலில், ஈப்பொறிச் செடியின் இலை மூடும்போது எழும் மின் மாற்றத்தை 1873லேயே அளந்து காட்டியவர். பொறி போல் மூடுகிற ஒரு அபூர்வச் செடிக்கு அவர் அனுமதித்ததைச் சாதாரண முள்ளங்கிக்கும் காலிஃபிளவருக்கும் அனுமதிக்க மனம் வரவில்லை.

1920இல் பாட்ரிக் கெடிஸ் எழுதிய போஸின் வாழ்க்கை வரலாற்றில் இதை ஒட்டி ஒரு விவரம் இருக்கிறது. ஸாண்டர்ஸன் போஸிடம் கேட்டது, கட்டுரையின் தலைப்பை மாற்றும்படிதான். 'எதிர்வினை' என்ற சொல் உடலியல்காரர்களுடையது. அதை அவர்களிடமே விட்டுவிட்டு, சில பௌதிக மாற்றங்கள் என்கிற மாதிரி ஏதாவது போட்டுக்கொள்ளலாமே என்றார். சோதனை தவறு என்று நிரூபிக்க அவர் மெனக்கெடவில்லை. சொல்லைத் திருப்பிக் கேட்டார். போஸ் கொடுக்கவில்லை. கட்டுரை அச்சேறாமல் சொஸைட்டியின் ஆவணங்களோடு போய்ச் சேர்ந்தது.

இந்தச் சம்பவத்தில் நாம் சுலபமாகப் போஸ் பக்கம் சேர்ந்துவிடுவோம். கறுப்பு மனிதனுக்கு வெள்ளைக்காரன் இழைத்த அநீதி என்று சொல்லவும் இடமிருக்கிறது. ஆனால் ஸாண்டர்ஸனுடைய பயம் முழுக்க அசட்டுத்தனமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு சொல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது தன் பழைய வீட்டுச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போகிறது. எதிர்வினை என்றால் எதிர்வினை தருகிற ஒருவர் இருக்க வேண்டும். போஸே பிற்பாடு அந்தச் சாமான்களையெல்லாம் இறக்கிக் கடை பரப்பினார் என்பது என் அபிப்பிராயம். 1917இல் கல்கத்தாவில் தம் நிறுவனத்தை ஆய்வுக்கூடமாக மட்டுமன்றிக் கோயிலாகவும் அர்ப்பணித்தபோது அவருடைய செடிகளுக்குப் பாஷையும் வந்தாயிற்று, வேதாந்தமும் வந்தாயிற்று.

அதே 1901இல், பீட்டர்ஸ்பர்க்கில், திமித்ரி நெல்யூபோவ் என்ற மாணவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தின் இருட்டில் அவர் முளைக்க வைத்த பட்டாணி நாற்றுகள் நேராக எழாமல் குட்டையாக, தடித்து, படுத்தவாக்கில் வளர்ந்தன. வெளியிலிருந்து வந்த சுத்தமான காற்றில் வைத்தால் நிமிர்ந்து வளர்ந்தன. விளக்கெரிக்கக் குழாயில் வந்த வாயுதான் காரணம் என்று கண்டு, அந்தக் கலவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்து, எதிலீன் என்ற வாயுவில் வந்து நின்றார். வாயுக் குழாய் கசிகிற தெருக்களில் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாவதை ஐரோப்பாவில் முன்பே கவனித்திருந்தார்கள். 1864இல் ஜிரார்தின் எழுதியிருக்கிறார். 1908இல் சிகாகோவில் கார்னேஷன் மொட்டுகள் விரியாமல் தூங்கிப்போய்ப் பூக்காரர்களுக்கு நஷ்டம் வந்தபோது க்ரோக்கரும் நைட்டும் ஆராய்ந்து அதே எதிலீனுக்குத்தான் வந்தார்கள். அதுவரை எல்லோருக்கும் அது விஷம். வெளியிலிருந்து வந்து செடியைக் கெடுக்கிற ஒன்று. செடி தானே அதை உண்டாக்குகிறது என்று, பழுக்கிற ஆப்பிள்களை வைத்து ரிச்சர்ட் கேன் காட்டியது 1934இல். நெல்யூபோவுக்கும் கேனுக்கும் நடுவே முப்பத்துமூன்று வருஷங்கள். விஷம் என்ற பெயர் அத்தனை வருஷம் கண்ணை மறைத்தது.

எங்கள் பெரியப்பாவுக்கு வாழைக்காய் வியாபாரம். மண்டிக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை. தார்களை அடுக்கி, ஓட்டைப் பானையில் வரட்டி போட்டுப் புகையூட்டி, கதவிடுக்கைக் களிமண்ணால் பூசி மூடுவார்கள். மூட்டம் போடுதல் என்று பெயர். மறுநாளோ அதற்கு மறுநாளோ திறக்கும்போது வருகிற வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. சூட்டில் பழுக்கிறது என்றுதான் பெரியப்பா சொல்வார். புகையில் எதிலீன் இருப்பது அவருக்குத் தெரியாது. முதல் காய் கனிய ஆரம்பித்ததும் அதுவே எதிலீனை வெளியிட்டுப் பக்கத்துக் காயைக் கனிய வைக்கும் என்பதும் தெரியாது. ஆனால் பழுத்த பழம் ஒன்றைக் காய்க்கட்டுக்குள் செருகி வைக்கத் தெரிந்திருந்தது. அவர் அதைப் பேச்சு என்று சொன்னதில்லை. எந்தப் பெயரும் சொன்னதில்லை.

இனி நைட்ரிக் ஆக்ஸைடு. எதிலீனின் கதை நேரானது. இதன் கதை அப்படியல்ல.

1771 ஆகஸ்ட் 17ஆம் தேதி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோஸப் ப்ரீஸ்ட்லி என்ற பாதிரியார், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்து மூடினார். பத்து நாள் கழித்து 27ஆம் தேதி அதே காற்றில் இன்னொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி நல்ல காற்றாக்குகிறது. பள்ளிப் பாடப் புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் ஒரு காற்று எவ்வளவு நல்லது என்று அளப்பது எப்படி? மெழுகுவர்த்தி எரிகிறதா, சுண்டெலி சாகாமலிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றைய வழி. எரிந்தது, அணைந்தது, பிழைத்தது, செத்தது. நடுவில் அளவு கிடையாது.

1772இல் ப்ரீஸ்ட்லி வெடியுப்பிலிருந்து வடித்த திராவகத்தில் பித்தளையைப் போட்டு ஒரு நிறமற்ற வாயுவைச் சேகரித்தார். சாதாரணக் காற்றோடு கலந்தவுடன் அது செம்பழுப்பாக மாறும். மாறியது தண்ணீரில் கரையும். மொத்தக் கன அளவு குறையும். காற்று எவ்வளவு நல்லதோ அவ்வளவு அதிகமாகக் குறையும். ஆக, குறைந்ததை அளந்தால் காற்றின் நன்மையை அளந்தாயிற்று. சுண்டெலிகள் ஓரளவு தப்பின. அந்த வாயுதான் நைட்ரிக் ஆக்ஸைடு. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து அது சிவக்கிறது என்று இன்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். ஆக்ஸிஜன் என்ற சொல்லே அன்று இல்லை. 1774இல் பாதரசச் சாம்பலைச் சூரியக் கண்ணாடியால் சுட்டு அவர் ஒரு புதிய வாயுவைப் பெற்றதும், அடுத்த வருஷம் அது சாதாரணக் காற்றைவிட மேலானது என்று அவர் திடுக்கிட்டதும் இந்த அளவுகோலைக் கையில் வைத்திருந்ததால்தான்.

வியன்னா அரண்மனையின் டச்சு வைத்தியர் யான் இங்கன்ஹூஸ் 1779 கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில் தங்கி ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்தார். வெயிலில்தான் இலைகள் காற்றைச் சுத்தப்படுத்துகின்றன, இருட்டில் கெடுக்கின்றன என்று கண்டது அப்போதுதான். இலைகள் விட்ட காற்றை அவர் அளந்ததும் இதே வாயுவைக் கொண்டு. ஒரு பக்கம் இலை, மறுபக்கம் நைட்ரிக் ஆக்ஸைடு, நடுவில் கண்ணாடிக் குழாயும் தண்ணீரும். இலையின் சுவாசத்தை நிறுக்கிற எடைக்கல்லாக இருந்த பொருளை இலையும் தனக்குள் உண்டாக்குகிறது என்று நினைக்க அங்கே யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. அளவுகோலைத் திருப்பி யார் அளக்கிறார்கள்? ப்ரீஸ்ட்லிக்கோ வேறு தொல்லைகள் வந்து சேர்ந்தன. பிரெஞ்சுப் புரட்சிக்கு அனுதாபி என்று 1791 ஜூலையில் பர்மிங்ஹாமில் கும்பல் அவர் வீட்டைக் கொளுத்தியது. 1794இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பிறகு இருநூறு வருஷம் இந்த வாயுவுக்கு வேறு வேறு வேடங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மோட்டார் வண்டிகளின் புகையில் அது இருப்பது தெரிந்து, நகரங்களைக் கெடுக்கும் அசுத்தங்களின் ஜாபிதாவில் இடம்பெற்றது. இதைத் தாண்டிப் போய்விடலாம்.

1979இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் க்ளெப்பர் என்பவர், களைக்கொல்லி தெளித்த சோயாச் செடிகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுவதை அளந்து வெளியிட்டார். அக்கட்டுரை வந்தது காற்று மாசு சம்பந்தமான பத்திரிகையில். மருந்தடித்ததால் செடியின் வேலை நின்று, உள்ளே நைட்ரைட் தேங்கி, வாயுவாக வெளியேறுகிறது; கெட்டுப்போன அடுப்பிலிருந்து வரும் புகை மாதிரி. அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. செடி அந்த வாயுவைப் பிறப்பிக்கிறது என்ற விஷயம் அன்றே வெளிச்சத்தில் இருந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. கழிவு என்ற பெயரோடு வந்ததால்.

எடுக்க வைத்தது மனித ரத்தக் குழாய். 1980இல் ஃபர்ச்காட்டும் ஸவாட்ஸ்கியும், ரத்தக் குழாயின் உட்சுவர் ஏதோ ஒன்றைச் சுரந்துதான் குழாயைத் தளர வைக்கிறது என்று காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயரில்லாமல் ஏழு வருஷம் ஓடிற்று. 1987இல் மொங்காடாவின் குழு அது நைட்ரிக் ஆக்ஸைடு என்று நிரூபித்தது. உயிருள்ள உடல் ஒரு விஷவாயுவை வேண்டுமென்றே உண்டாக்கி, ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு அனுப்பி, சில விநாடிகளில் அது அழிந்தும் போகிறது என்பது ஜீரணிக்கக் கஷ்டமான விஷயமாக இருந்தது. ஜீரணித்த பிறகு கொண்டாட்டம். 1998 அக்டோபரில் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு, மொங்காடா விடுபட்டார். நெஞ்சு வலிக்கு நைட்ரோகிளிஸரின் சாப்பிடும்படி ஆல்ஃப்ரட் நோபலுக்கு 1896இல் வைத்தியர்கள் சொன்னதும், அந்த மருந்து வேலை செய்வது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடை விட்டுத்தான் என்பதும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன.

பரிசு அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பு, அதே ஆகஸ்டில், தாவரங்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று டெல்லடோனும் லாம்பும் கூட்டாளிகளும் சோயா செல்களை வைத்து எழுதியது. மற்றது டூர்னர், வெண்டஹென், க்ளெஸ்ஸிக் மூவரும் புகையிலையை வைத்து எழுதியது. ஒரு கிருமி இலைக்குள் புகுந்தால் அதைச் சுற்றியுள்ள செல்கள் தாமே செத்து வேலி கட்டிவிடுகின்றன. கிருமி பட்டினியால் முடங்குகிறது. இலையில் ஒரு புள்ளி மிஞ்சுகிறது. நாம் தினம் பார்க்கிற பழுப்புப் புள்ளிகளில் சில இப்படி வந்தவை. அந்தச் சாவை ஏவுகிறவற்றில் ஒன்று நைட்ரிக் ஆக்ஸைடு என்பதுதான் கண்டுபிடிப்பு. கழிவு செய்தியாயிற்று. ஒரு விசேஷம், பிராணிகளில் இந்த வாயுவை உண்டாக்கும் என்ஸைமை முடக்குகிற மருந்துகளைச் செடிகளுக்குக் கொடுத்தபோது செடியின் எதிர்ப்பு தளர்ந்தது. ஆகவே அதே என்ஸைம் செடியிலும் இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது.

அதன்பின் இந்த வாயு செடியில் எங்கெங்கும் தென்படலாயிற்று. வறட்சியில் இலைத்துளைகள் மூடுவதில், வேர் பிடிப்பதில், அவரை இனங்களின் வேர்முடிச்சில். 2004இல் போர்ச்சுகலில் செய்த சோதனை ஒன்று எனக்கு மறக்க முடியாததாக இருக்கிறது. லில்லியின் மகரந்தக் குழாய் நேராக வளர்ந்து வரும் பாதையில் ஓரிடத்தில் இந்த வாயு கசியும்படி செய்தார்கள். குழாய் அந்த இடத்தை நெருங்கியதும் வேகம் குறைந்து, ஒரு திருப்பம் திரும்பி, வேறு திசையில் வளர்ந்து போயிற்று. இஸ்ரேலில் லெஷெம் என்பவர், நெல்யூபோவின் அதே பட்டாணியில் ஆரம்பித்து ஸ்ட்ராபெரிக்கும் வெண்ணெய்ப்பழத்துக்கும் போனார். காயில் நைட்ரிக் ஆக்ஸைடு அதிகம், எதிலீன் குறைவு. கனியக் கனிய இது தலைகீழாகிறது. பெரியப்பாவின் பூட்டிய அறைக்குள் எதிலீன் தலைதூக்கியபோது இன்னொரு வாயு பின்வாங்கியிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன். வாழைக்கு இது எந்த அளவு பொருந்துமோ, நிபுணர்கள் சொல்ல வேண்டும்.

இளம் கவிஞரின் மரங்களுக்கு வருகிறேன். 1983இல் பால்ட்வினும் ஷுல்ட்ஸும், தனியாக ரோட்ஸும், பூச்சி தின்ற அல்லது கிழிபட்ட மரத்துக்குப் பக்கத்திலுள்ள கிழிபடாத மரங்களின் இலைகளும் ரசாயன ரீதியாக மாறுகின்றன என்று எழுதினார்கள். பேசும் மரங்கள் என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போட்டன. அந்தத் தலைப்பே அவர்களுக்குச் சத்துருவாயிற்று. 1985இல் வந்த மறுப்பு பலமாக இருந்தது. அந்தத் துறையே கொஞ்சகாலம் கேலிப்பொருளாக இருந்து, தொண்ணூறுகளில்தான் மீண்டும் தலையெடுத்தது. மரத்திலிருந்து மரத்துக்குக் காற்றில் போகிறவை பெரும்பாலும் இலை கிழிபடும்போது எழும் பச்சை வாசனை போன்ற வேறு பொருள்கள். நைட்ரிக் ஆக்ஸைடு அவ்வளவு தூரம் போகிற ஜாதி அல்ல. அது விநாடிக் கணக்கில் வாழ்கிறது. ஒரு செல்லுக்குள், மிஞ்சினால் பக்கத்துச் செல்லுக்கு. கடிதம் என்று சொல்வதைவிட, இருட்டில் பக்கத்திலிருப்பவரை முழங்கையால் இடிப்பது என்று சொல்லலாம். இதுவும் உருவகம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த என்ஸைமைத் தேடிய கதையில்தான் ஸாண்டர்ஸனின் பயம் திரும்பி வந்தது. 2003இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள், பெரிய பத்திரிகைகளில், கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்தன. ஒரு கட்டுரை மறுவருஷமே திரும்பப் பெறப்பட்டது. முடிவுகளை மறுபடி எடுத்துக்காட்ட முடியவில்லை. மற்றது 2006 வரை நின்றது. அந்தப் புரதம் வாயுவை உண்டாக்குவதே இல்லை என்று அப்போது தெரிந்தது. அதற்கு 'நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்குவது' என்று வைத்த பெயரை, 'நைட்ரிக் ஆக்ஸைடோடு தொடர்புடையது' என்று மாற்றினார்கள். 1901இல் போஸ் செய்ய மறுத்ததை இவர்கள் செய்தார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. 2010இல் ஒரு கடற்பாசியில், அதுவும் ஒரே செல்லாலான நுண்ணிய பச்சைப் பாசியில், பிராணி மாதிரியான என்ஸைம் உண்மையாகவே அகப்பட்டது. 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலத்தாவரங்களின் மரபுச் செய்திகளைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். சில பாசிகளில் இருக்கிறது. நிலத்துச் செடிகளில் ஒன்றில்கூட இல்லை.

வாயுவைக் கேட்கிற காதும் அப்படித்தான். பிராணிகளில் அதற்கென்று ஒரு புரதம் உண்டு. வாயு அதில் வந்து அமர்ந்ததும் மற்றவை நடக்கும். செடிகளில் அந்த ஏற்பாடு அகப்படவில்லை. அங்கே வாயு பலப்பல புரதங்களின் கந்தக முனையில் தொற்றிக்கொண்டு அவற்றின் போக்கை மாற்றுகிறது. பிராணியிடமிருந்து கடன் வாங்கிய வாயும் இல்லை, காதும் இல்லை. செடியும் நாமும் ஒன்று என்ற போஸின் பெரிய உருவகம் ஆராய்ச்சியை இந்தத் திசைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு கட்டத்தில் கையை விட்டுவிட்டது. தள்ளியிராவிட்டால் வந்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எப்படித்தான் செடி அதை உண்டாக்குகிறது என்றால், இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழி ஒன்று க்ளெப்பர் பார்த்த அதே நைட்ரைட்தான். வேர் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுகிறது. அது செடியின் சாப்பாடு. மாலிப்டினமும் இரும்பும் உள்ள ஓர் என்ஸைம் அதை நைட்ரைட்டாக்குகிறது. அதே என்ஸைம் சில சமயம் நைட்ரைட்டிலிருந்து கொஞ்சம் நைட்ரிக் ஆக்ஸைடையும் விடுகிறது. ப்ரீஸ்ட்லியின் பாத்திரத்தில் இருந்தவையும் நைட்ரேட்டும் உலோகமும்தான். அந்நாட்களில் இங்கிலாந்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் போயிற்று. அங்கே நோனியா சாதியார் வீட்டு மண்ணையும் தொழுவத்து மண்ணையும் சுரண்டி, கரைத்துக் காய்ச்சி எடுத்தார்கள். வரப்போரப் புல் உறிஞ்சிக்கொண்டிருந்ததும் அதே உப்பு.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் அந்தக் கவிஞரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 'அப்படியானால் அந்த வரியை எடுத்துவிடட்டுமா, சார்?' என்றார். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ரசாயனம் படித்த நண்பர்தான், 'வேண்டாம், இருக்கட்டும். ஆனால் என்ன பேசின என்று எழுதுங்கள்' என்றார்.